சிவப்புச் சேலை காயும்வரை தண்ணீர் இல்லை

மார்ச் 3, திங்கள்

செவக்காட்டுப்பட்டி மேல்நிலைத் தொட்டியின் ஏகச் சக்கரவர்த்தியும், மோட்டார் அறைச் சாவியைத் தவிர வேறு சொத்தில்லாத ஜமீன்தாரும், கல்யாணம் என்னும் பேராபத்திலிருந்து இந்த வயதுவரை தப்பித்து வந்த மாவீரனுமாகிய குருவையா என்கிற நான், உரக்கடைக்காரர் ஓசியில் கொடுத்த இந்த டைரியின்மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் நான் எழுதப்போகும் கதையை ஒரு மனிதரும் நம்பமாட்டார். நம்புகிறவர் யாராவது இருந்தால் அவரை நல்ல வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இன்று எங்கள் ஊருக்கு அதிவேக இணையம் வந்தது.

ஆயிரம் யானைகள் முன்னே நடக்க, தேவர்கள் பூச்சொரிய வந்தது என்று எழுதத்தான் ஆசை. வந்தது ஒரு குட்டியானை வண்டி. அதிலிருந்து இறங்கிய இரண்டு பேர், கறுப்பு வயர் ஒன்றைக் கம்பத்துக்குக் கம்பம் கட்டிக்கொண்டே போய், ஊராட்சி அலுவலகத்துக்குள் இழுத்து, பீரோ போன்ற பெட்டியில் சொருகினார்கள். வயருக்குள் கண்ணாடி நூல் இருக்கிறதாம். நூலுக்குள் வெளிச்சம் ஓடுகிறதாம். வேகம் எப்படிப்பட்டது என்றால், நீங்கள் ஒரு படத்தை அனுப்பலாமா என்று யோசிப்பதற்கு முந்தின நாளே அது போய்ச் சேர்ந்து, பார்த்தவர் பதிலும் போட்டிருப்பார்.

தலைவரம்மா ரிப்பன் வெட்டினார். அவருடைய வீட்டுக்காரர் செண்பகராஜ் பேசினார். எங்கள் ஊராட்சியில் வேலைப் பிரிவினை அப்படி.

பெட்டியின் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. "இதுல என்னய்யா வரும், பட்டுச்சேலையா?" என்று வயர்க்காரரைக் கேட்டேன்.

"பேட்டரிண்ணே. கரண்டு போனாலும் பெட்டி நிக்காம ஓடுறதுக்கு. பின்னால வரும்."

பின்னால் வரும் என்று சொல்லப்பட்ட எதுவும் இந்த ஊருக்கு எப்போதாவது வந்ததாகச் சரித்திரம் இல்லை. இருந்தாலும் கைதட்டினேன். லட்டு கொடுத்தார்கள்.

மார்ச் 6, வியாழன்

அக்கா வீட்டுக்கும் இணைப்பு கொடுத்துவிட்டார்கள். ஊரில் முதல் இணைப்பு. கேட்டு வாங்கியது அக்கா மகள் மாரீஸ்வரி. இவளுக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்தாள். அவள் போட்ட கூச்சலில் ஆசாரி ஊசியைப் போட்டுவிட்டு மதுரைவரை ஓடினார் என்பது ஊரறிந்த வரலாறு. இப்போது படித்துப் பெரியவளாகி, இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறாள்.

சென்னையில் இருந்தவள். ஐப்பசியில் அக்காவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போய்விட்டது. 'ஆ' என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு அக்கா என்னைத் திட்டுகிறாள். வாய் நிறையச் சொல் இருந்த காலத்தில்கூட இவ்வளவு நன்றாகத் திட்டியதில்லை. அத்தான் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மாரி இங்கே வந்துவிட்டாள்.

"மே மாசம் முடிய கம்பெனியில பாப்பாங்களாம் மாமா. லைன் அறுந்துபோகாம இருந்தா இங்கயிருந்தே வேல பாக்கலாம். அறுந்துச்சுன்னா சென்னைக்கு வந்துரணும். இல்ல, வேலைய விட்றணும்."

"விட்டா விடுறது. மாமன் நான் எதுக்கு இருக்கேன்? ராணி மாதிரி வச்சுக் காப்பாத்த மாட்டேன்?"

"நீங்களே மூணு வேளையும் எங்க வீட்லதான் சாப்பிடுறீங்க."

அக்கா இடது கையால் கட்டிலைத் தட்டிச் சிரித்தாள். நான் வேறு வேலை இருப்பதுபோல வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

ஒரு விபரீதம்.

அம்மன் கோயில் பொங்கலுக்குத் தண்ணீர் கேட்டார்கள் என்று முற்பகலில் மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மாரி தெருவில் ஓடி வந்தாள். நெட் போய்விட்டதாம். போய்ப் பார்த்தால் ஊராட்சி அலுவலகத்துப் பெட்டி கண்ணை மூடிக் கிடக்கிறது. மோட்டாரை நிறுத்தினேன், விளக்குகள் மினுக்கின. மறுபடி போட்டேன், செத்தது.

சங்கதி இதுதான். மோட்டார் அறைக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் நடுவில் ஒரே சுவர், இரண்டுக்கும் ஒரே கரண்டு லைன். என் மோட்டார் எழுந்தால், கும்பகர்ணன் சோற்றுப் பானையை இழுத்துக்கொள்வதுபோல லைனில் உள்ளதையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. பெட்டிக்குப் பருக்கைகூட மிச்சமில்லை. மோட்டார் நின்ற பிறகாவது உடனே எழுகிறதா? அது சோம்பல் முறித்து, பல் துலக்கி, காபி குடித்து, நாளிதழ் படித்து முடித்துத்தான் பச்சை விளக்கைக் காட்டும்.

ஆக, ஊருக்குத் தண்ணீர் ஓடினால் இணையம் ஓடாது. இணையம் ஓடினால் தண்ணீர் ஓடாது. சுவிட்ச் என் கையில்.

மார்ச் 13, வியாழன்

தீர்த்துவிட்டேன். மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் மின்சாரம் விடியற்காலையிலிருந்தே வருகிறது. மாரிக்கு வேலை தொடங்குவது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. சூரியன் வருமுன் தொட்டியை நிரப்பிவிடுகிறேன். என் மூளையை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

த்ரீ பேஸ் நேரத்தை மாற்றிவிட்டார்கள். இனிமேல் பகலில்தான், முற்பகலிலிருந்து சாயங்காலம் வரைக்கும். ஏப்ரல் முதல் தேதி என்பதால் நான் சொன்னதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. குழாயில் தண்ணீர் வராதபோது நம்பினார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

இந்த மூளைக்கு ஒரு மகுடம் செய்து வைக்கலாம்.

மாரிக்கு நாள் முழுக்க நெட் உயிர்போகிற காரியம் இல்லையாம். பில்களை இறக்கி வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் நெட் இல்லாமலும் பார்க்கலாம். மேலதிகாரிகளோடு முகம் பார்த்துப் பேசும்போதுதான் லைன் அறுந்துவிடக் கூடாது. எப்போது பேச்சு, எப்போது ஓய்வு என்று எனக்குத் தெரிந்தால் போதும். ஆனால் மோட்டார் அறையில் செல்போன் வேலை செய்யாது. கத்தினாலும் கேட்காது. அக்கா வீட்டு மொட்டைமாடி மட்டும் நன்றாகத் தெரியும்.

ஆகவே கொடிக்கயிறு. சிவப்புச் சேலை காய்ந்தால் பேச்சு நடக்கிறது, மோட்டாரைத் தொடாதே. சேலையை எடுத்துவிட்டால் போடலாம். அக்காவின் பழைய சுங்கடி ஒன்று, அரை மைல் தூரத்துக்குத் தெரியும் சிவப்பு, இந்தப் பதவிக்கு நியமிக்கப்பட்டது.

அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு ராக்காயி மதினி. என் பெரியப்பா மகன் பெண்டாட்டி. ஊரின் வாய் அது. இடுப்பில் குடத்தோடு வந்து நின்றது.

"என்ன கொழுந்தனாரே, உங்க அக்கா மக சேலை காயிற வரைக்கும் ஊரு காயணுமாமே?"

"கொஞ்ச நேரந்தான் மதினி. அது பேசி முடிச்சதும் உங்களுக்குக் காவேரியத் திருப்பி விடுறேன்."

"காவேரி கிடக்கட்டும். தெருக்குழாயில மொதக் குடம் எனக்கு. சேலைய நான் பாத்துச் சொல்றேன், நீங்க கண்ணாடியில்லாம கழுதையையும் குதிரையையும் ஒண்ணும்பீக."

ஏப்ரல் 9, புதன்

செல்போனுக்கு நாலு கோடு கிடைக்கும் ஒரே இடம் தொட்டியின் உச்சி. அங்கே ஏறி உட்கார்ந்து, பேட்டரி கேட்டு ஒவ்வொருவராக அழைத்து ஆட்சி செய்தேன்.

வயர்க்காரர்: "பேட்டரி எங்க வேல இல்லண்ணே, வேற காண்ட்ராக்ட்."

வேறு காண்ட்ராக்ட்காரர்: "கரண்டு வோல்டேஜு சரியா இருந்தா பேட்டரியே தேவைப்படாதே சார்."

கரண்டுக்காரர்: "ஊராட்சியில தனி லைனு கேட்டுப் பணம் கட்டட்டும்."

செண்பகராஜ்: "பெட்டி நம்ம பெட்டி இல்லையே மாப்ள. அடுத்தவன் பெட்டிக்கு நாம எப்படிக் காசு கட்டுறது?"

ஒவ்வொருவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. உச்சியில் வெயில் கொளுத்தியது. என் மண்டையில் ஊர்க்காரர்கள் தோசை ஊற்றித் தின்றுவிட்டுப் போனார்கள். இறங்கினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை பிறந்தது. வடை, பாயசம். அக்காவுக்குப் பாயசம் ஊட்டினேன். பாதி என் சட்டைக்கு.

ஊரே இப்போது கொடியைப் பார்த்துத்தான் நடக்கிறது. பஞ்சாங்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். சிவப்பு ஏறினால் குடங்கள் படுத்துக்கொள்கின்றன. இறங்கினால் எழுந்து அவையே குழாயடிக்கு நடந்து வருகின்றன. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் மாடியைப் பார்த்து, "அங்க என்ன கட்சி மாநாடா?" என்று கேட்டானாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. முன்பு யானைத் துதிக்கை பருமனுக்குக் கொட்டியது இப்போது பூனை வால் அளவு. அதே தொட்டியை நிரப்ப மூன்று மடங்கு நேரம் மோட்டார் ஓட வேண்டும். மாரியின் ஓய்வு நேரம் மட்டும் மூன்று மடங்காகவில்லை.

மோட்டார் அறை முன்னால் கூட்டம். செண்பகராஜ் வண்டியிலிருந்து இறங்காமலே பேசினார்.

"குருவையா, இண்டர்நெட்டக் குடிக்க முடியுமாய்யா? ஒருத்திக்காக ஊரு தாகத்துல கிடக்கணுமா?"

"ரிப்பன் வெட்டுனப்ப, கிராமம் நகரமாகப் போகுதுன்னு நீங்கதான பேசுனீக?" இது மதினி. "அந்தப் பிள்ள ஒண்ணுதான் அந்த வயர வச்சு வேல பாக்குது. நம்ம வீட்டுத் தடியனுக எல்லாம் படம்தான பாக்குறானுக?"

"அப்ப உனக்குத் தண்ணி வேண்டாமா?"

"வேணும். ஏன் வேண்டாம்? அதுக்காகப் பிள்ளையப் பேசாதீக."

மாரி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "நீங்க மோட்டாரப் போடுங்க மாமா. நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன்" என்றாள்.

எப்படிச் சமாளிப்பாள்? தொட்டி உச்சியில் ஏறி உட்கார்ந்து வேலை பார்ப்பாளா? போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து நிறுத்தினேன். குழாயில் பாதிப் பேர் பிடித்திருந்தார்கள், மீதிப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டே வெறுங்குடத்தோடு போனார்கள். மாரியின் வேலையும் அதே அளவில் பாதி.

மே 2, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. வால்வுக்கு கிரீஸ் போட்டேன்.

மே 9, வெள்ளி

நல்ல சேதி. மாரியின் மேலதிகாரி அவள் வேலையைப் புகழ்ந்தாராம். பதினைந்தாம் தேதி இரண்டு மணிக்குக் கடைசிக் கூட்டம். பெரிய தலைகள் எல்லாம் வருகிறார்கள். அதில் இவள் தன் வேலையை விளக்கிச் சொல்ல வேண்டும். லைன் அறுந்துபோகாமல் பேசி முடித்துவிட்டால் நிரந்தரமாகச் செவக்காட்டுப்பட்டியிலிருந்தே வேலை.

"மாமா, அன்னிக்கு ஒருநாள்."

"அன்னிக்கு அந்த மோட்டார் பக்கம் எவனாச்சும் வந்தா, இந்தத் தொட்டியைப் பிடுங்கி அவன் தலையில கவுத்துருவேன்."

"அதுல தண்ணியே இல்லையே மாமா."

"அதான் பிடுங்க லேசா இருக்கும்."

சிரித்தாள். சிரிக்கும்போது அத்தானின் பல்வரிசை.

அக்காவின் தலைமுடியை இன்று யாரோ எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் யாராவது இருக்கும். என் விரலெல்லாம் விளக்கெண்ணெய் நாற்றம், பேனா வழுக்குகிறது.

மே 15, வியாழன்

நேற்று முழுக்க த்ரீ பேஸ் வரவில்லை. முந்தாநாள் அரைகுறை. தொட்டியின் அடியில் இருந்தது சேறு. இன்று காலையும் வரவில்லை. எப்போது வந்தது என்றால், மாரியின் கூட்டம் தொடங்கச் சற்று முன்னால்.

மாடியில் சிவப்புச் சேலை ஏறிவிட்டது. மோட்டார் அறையின் முன்னால் குடங்கள். அவற்றின் பின்னால் பெண்கள். ஒருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன், பொழுது போயிருக்கும். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பிள்ளையின் உதட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். செண்பகராஜ் வந்தார், மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"போட்றாதீக கொழுந்தனாரே" என்றது மதினி. "பிள்ள பேசி முடிக்கட்டும். ரெண்டு நாள் இருந்தோம், இன்னுங் கொஞ்ச நேரம் இருக்க மாட்டமா?" மாடியில் மிளகாய் காயப்போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனது.

மேற்கே ஒரு மேகம் வந்தது. எத்தனையோ மாதமாகக் காணாத மேகம். இரண்டு துளி விழுந்தது, பிறகு நாலு.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கோடையில் ஒரு துளி விழுந்தால் எங்கள் ஊர்ப் பெண்களின் கால்கள் மூளையிடம் உத்தரவு கேட்பதில்லை, மாடிக்கு ஓடிவிடும். தன் வீட்டு வற்றலையும் துணியையும் அள்ளியதும் நிற்காது. கைப்பிடிச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு மாடியில் கிடப்பதையும் அள்ளிக்கொண்டுதான் இறங்கும். யார் வீட்டு வடகம் யார் வீட்டு அடுப்படியில் இருக்கிறது என்ற விசாரணை மழை விட்ட பிறகுதான். அள்ளாமல் இறங்குகிறவளை ஊரில் பெண் என்றே கணக்கில் வைக்கமாட்டார்கள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கொடியில் சிவப்பு இல்லை. ஒன்றுமே இல்லை.

கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சீக்கிரம் முடிந்துவிட்டது, நன்றாகப் பேசிவிட்டாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். வேறு மாதிரி நினைக்கவில்லை. குடங்களெல்லாம் என்னையே பார்த்தன.

சுவிட்சை அழுத்தினேன்.

பெண்கள் குழாயடிக்கு ஓடினார்கள். தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மேகம் அதற்குள் கலைந்துவிட்டது. மண்ணின் மேல்பொடிகூட நனையவில்லை.

மாரி மாடிக்கு வந்தாள். வெறும் கயிற்றைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. நின்றாள்.

நான் மோட்டாரை நிறுத்தினேன். நிறுத்திவிட்டு ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடி, அந்தப் பெட்டியின் முன்னால் நின்றேன். அதைக் கும்பிட்டேன் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். அது தன் பாட்டுக்கு மெல்லக் கண் விழித்தது. பச்சை விளக்கு வந்தபோது மாரியின் கூட்டத்தில் எல்லோரும் கலைந்து போய்விட்டிருந்தார்கள்.

அக்கா வீட்டு வாசலில் மாரி நின்றாள். "ஏன் மாமா நிறுத்துனீங்க?" என்றாள். "போங்க, போய்ப் போடுங்க. தண்ணியாவது வரட்டும்."

போட்டேன்.

மே 16, வெள்ளி

மதினி வந்தது. சிவப்புச் சேலையை மடித்து, மடிப்பின் மேல் மடிப்பு வைத்து, புதுச்சேலை மாதிரிக் கொண்டு வந்தது.

"கை போயிருச்சு கொழுந்தனாரே. மிளகாய அள்ளுனேன். நிமிந்தா உங்க அக்கா சேலை நனையப்போகுது. கை போயிருச்சு. இது என்ன சேலைன்னு அந்த நேரம் தோணவே இல்ல. சொல்லுறது நானு, காவக்காரி நானு..." அதற்கு மேல் அந்த வாய் வேலை செய்யவில்லை. ஊரின் வாய்.

"விடுங்க அத்த" என்றாள் மாரி. "நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்."

யாரையாவது திட்ட வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. சேலையை நனையவிடாமல் காத்தவளைத் திட்டுவதா? ரெண்டு துளி போட்ட மேகத்தையா? பின்னால் வருகிற பேட்டரியையா? மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். கடைசியில் கோழி ஒன்று குறுக்கே வந்தது. அதைத் திட்டினேன்.

மே 20, செவ்வாய்

மெயில் வந்துவிட்டது. ஜூன் இரண்டாம் தேதி சென்னை அலுவலகத்தில் இருக்க வேண்டும். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மே 24, சனி

அக்காவையும் கூட்டிப்போகலாம் என்று மாரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடுதியில் ஓர் அறைக்கு நாலு பேர். தனி வீடு எடுத்தால் பகலில் அக்காவை யார் பார்ப்பது? வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். பிசியோதெரபிக்கும் மாத்திரைக்கும் யார் கொடுப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமில்லாமல் மாத்திரை டப்பா எங்கள் நடுவில் இருந்தது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குக் கீழே மாரியின் பயணப் பை. அதை இடது காலால் தள்ளினாள். வாசல் பக்கம். அது போதவில்லை என்று குனிந்து இடது கையாலும் தள்ளினாள்.

மாரி பையைத் திரும்ப இழுத்து வைத்தாள். அக்கா மறுபடி தள்ளினாள். மூன்றாவது தடவை மாரி இழுக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

பஸ் ஏற்றிவிட்டேன். அருப்புக்கோட்டை போய் அங்கிருந்து சென்னை பஸ்.

"வேளாவேளைக்கு நீங்களும் சாப்பிடுங்க மாமா. அம்மாவுக்கு மட்டும் குடுத்துட்டு இருக்காதீங்க."

"நானா? இனிமேதான் எனக்கு ஜாலி. உன் சாம்பார்ல இருந்து விடுதலை கிடைச்சதுக்கு ஊருக்கே கிடா வெட்டப்போறேன்."

"கிடாவக் கழுவத் தண்ணி இருக்கா?"

பஸ் போனது. புழுதி ரொம்ப. கண்ணில் விழுந்த புழுதியை அள்ளினால் ஒரு வீடு கட்டியிருக்கலாம். அக்கா வீட்டுக்கு என் பாயையும் இரண்டு வேட்டியையும் கொண்டுவந்துவிட்டேன். தற்காலிகமாகத்தான்.

ஜூன் 5, வியாழன்

அக்கா சாப்பிடவில்லை. 'ஆ' கூடச் சொல்லவில்லை. சோற்றைக் குழைத்துப் பார்த்தேன், ரசம் ஊற்றிப் பார்த்தேன், குரங்கு மாதிரி ஆடிக் காட்டினேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 7, சனி

மாரிக்குப் பிற்பகலில் தொடங்கி நடுராத்திரியில் முடிகிற வேலை நேரம் போட்டிருக்கிறார்கள். அவள் விடுதிக்குத் திரும்பும்போது அக்கா மாத்திரை போட்டுத் தூங்கிவிடுகிறாள். காலையில் அவள் தூங்குகிறாள். இருவரும் விழித்திருப்பது மத்தியானம் அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு அரைமணி. இன்று அந்த நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, முகம் பார்க்கிற அழைப்பு போட்டேன்.

படம் எவ்வளவு தெளிவு! மாரியின் மூக்குத்திக் கல்லில் அவள் விடுதி சன்னல் தெரிந்தது. ஒரு தடங்கல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. இந்த இணையத்தைக் குறை சொல்கிறவன் நாக்கு அழுகிப்போகும்.

அக்கா திரையைத் தடவினாள். சாப்பிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. த்ரீ பேஸ் நிலையாக வந்தது மத்தியானம்தான், சரியாக மாரி அழைக்கும் நேரத்துக்கு. தொட்டி காலி. குழாயடியில் குடங்களின் வரிசை தெருமுனைவரை.

மோட்டார் அறையில் சுவிட்சில் கை வைத்து நின்றேன். ராக்காயி மதினி வந்து வாசலை அடைத்தாற்போல் நின்றது.

"நேரமாச்சுல? போயிப் பேசுங்க."

"இன்னிக்கு விட்டா கரண்டு போயிரும் மதினி."

"போனாப் போகுது. போங்கங்கிறேன்ல."

பின்னால் நின்றவர்களைப் பார்த்தேன். கைப்பிள்ளைக்காரியும் இருந்தாள். அவள் நகர்ந்து வழிவிட்டாள். போனேன். பின்னாலேயே இடுப்பில் குடத்தோடு மதினியும் வந்தது. சேலையை எடுத்த அன்றிலிருந்து மாரியிடம் பேச அதற்குக் கூச்சம், கதவோரமாக நின்றுகொண்டது.

திரையில் மாரி வந்தாள். புதுச் சுடிதார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. அக்கா முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "முடி பின்னுனது யாரு? கோணலா இருக்கு" என்றாள்.

"எவளோ வந்து பின்னிட்டுப் போறா. நாளைக்கு அவளக் கண்டிச்சு வைக்கிறேன்" என்றேன்.

அக்கா, "ஆ" என்றாள். என்னைத்தான் திட்டினாள்.

மாரி சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "மாமா, இது த்ரீ பேஸ் நேரமாச்சே. ஊருக்குத் தண்ணி விட்டாச்சா? உண்மையச் சொல்லுங்க. விடலைன்னா நான் போன வைக்கிறேன்."

இத்தனை பக்கம் கூசாமல் புளுகியவனுக்கு அந்த நேரம் ஒரு பொய்கூட அகப்படவில்லை. அக்கா திரையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கதவோரத்திலிருந்து மதினி குரல் கொடுத்தது.

"தண்ணியா? விடியக்காலையிலேயே விட்டாச்சு தாயி! வீட்டுக்குள்ள முழங்கால் மட்டுக்கு நிக்குது. உங்க மாமா மோட்டார நிறுத்தத் தெரியாம விட்டு, தெருவெல்லாம் வெள்ளம். கோழியெல்லாம் நீச்சல் பழகுது. நீ பாட்டுக்குப் பேசு!"

"அத்தையா அது? அத்த, முன்னால வாங்க, உங்களப் பாக்கணும்."

மதினி முன்னால் வந்தது. இடுப்புக் குடம் திரையில் தெரிந்துவிடாமல் அதை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் பேசினார்கள், பேசாதவளும் சேர்த்து. அவர்கள் பேசி முடிப்பதற்குள் த்ரீ பேஸ் போய்விட்டது.

இந்த டைரியில் உள்ளதையெல்லாம் பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. நானே பாதிக்கு மேல் நம்பவில்லை. ஒரே ஒரு சின்னச் சங்கதி மட்டும் நிஜம்: வெள்ளம் வெள்ளம் என்று மதினி கத்தியபோது, அதன் முதுகுக்குப் பின்னால் இருந்த குடம் காலியாக இருந்தது.